ஐம்பது கிலோவுக்குள்

மார்ச் 4

என்னங்க,

கோபம் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். முகாமில் வந்து இறங்கியதுமே கைபேசியை வாங்கி, உறையில் போட்டு, அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அணித் தேர்வு முடிகிற வரைக்கும் கிடையாதாம். "பேசிட்டே இருந்தா சண்டை எங்கிருந்து வரும்?" என்கிறார் கோச். கடிதம் எழுதத் தடையில்லை. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை கண்டுபிடித்துச் சிரிக்காதீர்கள்.

நான் கிளம்பும்போது நீங்கள் வாசலுக்கு வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று நான் சொன்னதும் மருந்துக்கடைக்கு ஓடினீர்கள். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினீர்கள். சோதனைக் குச்சியில் ஒற்றைக் கோடுதான் வந்தது. "குழந்தையும் இல்லன்னா அப்ப இது என்ன?" என்று கேட்டீர்கள். எடை குறைத்தால் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் ஆகும், தேர்வு முடிந்ததும் சரியாகிவிடும் என்றேன். யாரோ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். யார் சொன்னது என்று நினைவில்லை.

அறையில் என்னோடு இருப்பவள் பத்தொன்பது வயதுப் பெண். பல் தேய்க்கும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். முகாமே அவளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுகிறது. அம்மா இல்லை. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வந்த அன்றே என் போர்வையை எடுத்துக்கொண்டு, "அக்கா, நீங்க கல்யாணம் ஆனவங்க, உங்களுக்குக் குளிராது" என்றாள். என்ன கணக்கோ.

தினமும் காலையில் ஒரு ஆராய்ச்சி மேடம் ஐஸ் பெட்டியோடு வருகிறார். நாக்குக்கு அடியில் பஞ்சு வைத்து எச்சில் எடுக்கிறார். பயிற்சிச் சண்டைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. மல்யுத்தக்காரர்களின் உடம்பு சண்டையின்போது என்ன செய்கிறது என்று பார்க்கிறாராம்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். கை கொஞ்சம் நடுங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் இருக்கிறது.

உங்கள் க.

~

மார்ச் 9

கட்டெறும்பே,

குழாயைத் திறந்தது அழுகிற சத்தம் கேட்கக் கூடாதென்றுதான். போதுமா? எழுதி வாங்கிக்கொண்டாய்.

கை நடுங்குகிறது என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மரத்தைப் பற்றி எழுதுகிறாய். மரம் எனக்கு எதற்கு? கை எப்போதிலிருந்து நடுங்குகிறது? இரண்டு கையுமா? சாப்பிட்ட பிறகும் நடுங்குகிறதா? சாப்பிடத்தான் விடுகிறார்களா?

நான் உன்னைத் தடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே நீ மல்யுத்தம் பிடிக்கிறவள் என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். பெண் பார்க்க வந்த அன்றே, "சண்டை வந்தா யாரு ஜெயிப்பா?" என்று உன் அண்ணன் கேட்டதற்கு, "நான் ஓடிடுவேன்" என்று சொன்னவன் நான். ஆனால் போன மாதம் நீ தூங்கும்போது உன் முதுகில் கை வைத்தேன். எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் தட்டியது. வெயில் காலத்தில் உன் உடம்பு சில்லென்று இருந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். பெண்டாட்டியைத் தொட்டுவிட்டுப் பயந்து கையை எடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குத் தெரிந்தது லிஃப்ட் ரிப்பேர் ஒன்றுதான். ஆள் அதிகமாக ஏறினால் உள்ளே மணி அடிக்கும், கதவு மூடாது. சில கட்டிடத்தில் அந்த மணி தொல்லையாக இருக்கிறதென்று வயரைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு லிஃப்ட் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அழகாகப் போகும். ஒரு நாள் வரைக்கும். மாதாமாதம் உனக்கு வருவது அந்த மணி மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திட்டு.

அங்கே டாக்டர் இருப்பார் இல்லையா, அவரிடம் சொல். எனக்காகச் சொல். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பேரன் எப்போது என்று அவள் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

உன் லிஃப்ட்டுக்காரன்

~

மார்ச் 13

என்னங்க,

திட்டமாட்டேன். உங்கள் கடிதத்தைச் சில்வண்டு பிடுங்கிப் படித்துவிட்டு, "அக்கா, இந்த ஆளை விட்டுடாதீங்க" என்றாள்.

டாக்டர் வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறார். சுளுக்குக்கு மருந்து தடவிவிட்டுப் போய்விடுகிறார். ஆகவே ஆராய்ச்சி மேடத்திடம் சொன்னேன். சொல்லக் காரணம் வேறு. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

முந்தாநாள் பயிற்சிச் சண்டை. சண்டைக்கு முன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வயிறு புரளும், உள்ளங்கை ஈரமாகும், காது சூடாகும். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் கழிவறைக்கு ஓடுவேன், நீங்கள் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த நடுக்கம் வந்துவிட்டால், சரி, உடம்பு தயார் என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் எதுவுமே வரவில்லை. பயம் இல்லை, வேகம் இல்லை, எதிரே நிற்பவள் மேல் ஒன்றும் தோன்றவில்லை. பேருந்துக்கு நிற்பவள் மாதிரி நின்றேன். அவள் என் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டாள். விழும்போதுகூட, ஓ விழுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சண்டைக்கு முன்னாடி உடம்பு கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோனைக் கொட்டும். இதயம் வேகமா அடிக்கும், ரத்தத்துல சர்க்கரை ஏறும். முடிஞ்சதும் அது இறங்கணும். உனக்கு முதல் நாள்லேருந்து காலையிலயே அது உச்சியில நின்னுச்சு. படுத்துக் கிடக்கும்போதும் உடம்பு சண்டையிலயே இருந்திருக்கு. இப்ப சண்டை நேரத்துல அது ஏறவே மாட்டேங்குது" என்றார்.

"ஏறலன்னா நல்லதுதானே மேடம், பதற்றம் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"இல்லம்மா. குரல் கொடுத்துக் கொடுத்துத் தொண்டை கட்டிப் போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

மாதவிலக்கு பற்றியும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கோச்சிடம் பேசுகிறேன் என்றார். பேசினார் போல. "தேர்வு முடியட்டும் மேடம், அப்புறம் உங்க இஷ்டம்" என்று அவர் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

இன்னொன்று. என் எடைப் பிரிவு ஐம்பத்து மூன்று. சில்வண்டுக்கும் அதேதான். போட்டிக்கு ஒருத்திதான் போக முடியும். அவள் என்னைவிட நன்றாகப் பிடிக்கிறாள், இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நேற்று கோச் அவளை ஐம்பது கிலோப் பிரிவுக்கு இறங்கச் சொல்லிவிட்டார். அப்படியானால் இரண்டு பேரும் போகலாம். அவளுடைய சாதாரண எடை ஐம்பத்தாறு. "அக்கா, நாம ரெண்டு பேரும் ஒண்ணா விமானத்துல போறோம்!" என்று கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். அதுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது.

க.

~

மார்ச் 17

கட்டெறும்பே,

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கடவுளே அனுப்பி வைத்த மாதிரி ஒன்று நடந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா. காவலாளி என் காதில், "பெண்களுக்குப் பார்க்கிற டாக்டர். பெரிய டாக்டர். சீக்கிரம்" என்றான்.

மோட்டார் சூடு ஆறுகிற வரைக்கும் லிஃப்ட்டை நகர்த்த முடியாது. கதவை நான்கு விரல் அளவு திறந்து, காற்று வரட்டும் என்று கட்டை வைத்தேன். உள்ளே இருட்டில் அந்த அம்மாவின் கண்ணாடி மட்டும் தெரிந்தது. பயந்துபோய் இருந்தார். பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். என் வாயில் வேறு பேச்சு வரவில்லை.

"டாக்டர், என் மனைவி மல்யுத்தம் பண்றா. அஞ்சாறு மாசமா மாதவிலக்கு இல்ல. கர்ப்பமும் இல்ல. உடம்பு சில்லுனு இருக்கு."

உள்ளே கண்ணாடி என் பக்கம் திரும்பியது. பிறகு, "முதல்ல என்னை வெளிய எடுப்பா" என்றார்.

"எடுத்துடுவேன் டாக்டர். அதுவரைக்கும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவர் பயத்தை மறந்துவிட்டார். எத்தனை வயது, எத்தனை கிலோ, என்ன சாப்பிடுகிறாள், தலைமுடி கொட்டுகிறதா என்று அந்த இடுக்கு வழியாகக் கேள்வி மேல் கேள்வி. நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மாடியில் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது.

"அவ உடம்பு, ஊர்ல பஞ்சம்னு நினைச்சுக்கிட்டிருக்கு" என்றார். "பஞ்சத்துல குழந்தை எதுக்குன்னு முதல்ல அந்தக் கதவைச் சாத்தும். அப்புறம் எலும்பைச் சாத்தும். கடைசியில இதயத்தோட வேகத்தையே குறைக்கும். காலையில எழுந்ததும் நாடித் துடிப்பு எத்தனைன்னு கேளு. நாற்பதுக்குக் கீழ இருந்தா ஒரு நாள்கூட யோசிக்காத. கூட்டிட்டு வந்துடு. அதோட வெயிட் குறைக்கிறேன்னு தண்ணியை நிறுத்துவாங்க, நீராவி அறையில உட்காருவாங்க. அது மட்டும் வேண்டவே வேண்டாம்."

வெளியே வந்ததும் நான் காசு கொடுக்க வேண்டுமா, அவர் கொடுக்க வேண்டுமா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தன் அட்டையைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

நாடியைப் பார். எனக்கு எழுது. நீராவி அறைப் பக்கமே போகாதே. அந்தப் பிள்ளையையும் போக விடாதே.

உன் லிஃப்ட்டுக்காரன்

~

மார்ச் 21

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே பயிற்சி நல்ல முறையில் நடைபெறுகிறது. உணவும் ஓய்வும் போதிய அளவு கிடைக்கின்றன. என்னுடன் தங்கியிருந்த பெண்ணுக்குக் காய்ச்சல் ஏற்பட்டதால் வேறிடத்தில் சிகிச்சை பெறுகிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை. தேர்வு முடிந்ததும் வருகிறேன்.

தங்கள் மனைவி

~

மார்ச் 25

கட்டெறும்பே,

இதை எழுதியது யார்?

எழுத்து உன்னுடையதுதான். ஆனால் 'அவ்வாறே' என்று நீ வாழ்க்கையில் சொன்னதில்லை. என்னை 'அன்புள்ள கணவருக்கு' என்று கூப்பிட்டால் உனக்கே சிரிப்பு வந்திருக்கும். கடிதத்தில் ஒரு இடத்தில்கூட அடித்து எழுதவில்லை. சாதாரணமாக நீ நாலு வரிக்கு ஒரு வரி அடிப்பாய். கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி முகர்ந்துகூடப் பார்த்தேன்.

யாராவது பக்கத்தில் நின்று எழுத வைத்தார்களா? நாடியைப் பற்றி நான் கேட்டேனே, அதற்குப் பதிலே இல்லையே? அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே கொண்டு போனார்கள்?

முகாம் அலுவலகத்துக்கு போன் போட்டேன். "எல்லாரும் நல்லா இருக்காங்க சார்" என்று ஒரு ஆள் சொன்னார். நான் யாருடைய கணவன் என்று கேட்காமலே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மேனேஜரிடம் லீவ் கேட்டேன். "யாருக்கு என்ன?" என்றார். "தெரியல சார், அதுக்குத்தான் போறேன்" என்றேன்.

உன் லிஃப்ட்டுக்காரன்

~

மார்ச் 26

என்னங்க,

இது துணி துவைக்கும் அக்கா மூலமாக வருகிறது. அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுபோய் அனுப்புகிறேன் என்றிருக்கிறார். ஒரு வாரமாகக் கடிதங்களை ஒட்டாமல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் போன தடவை அப்படி எழுதினேன். நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று தெரியும். பயப்பட வேண்டும் என்றுதான் எழுதினேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஒத்திகை எடை பார்க்கும் நாளுக்கு முன்பே சில்வண்டு தண்ணீரை நிறுத்திவிட்டாள். ஒரு பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள். அதிலும் எடை குறையுமாம். உதடு வெடித்து, பேசும்போது ரத்தம் வந்தது. ஆனாலும் பேசினாள். அன்று மத்தியானம் இன்னும் ஒரு கிலோ இறங்க வேண்டியிருந்தது. வியர்க்க வைக்கிற பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை நீராவி அறைக்குக் கூட்டிப் போனாள்.

"அக்கா, வெளியே உட்காருங்க. கோச் கடிகாரம் கொடுத்திருக்காரு. மணி அடிக்கிற வரைக்கும் நான் கெஞ்சினாலும் கதவைத் திறக்காதீங்க."

"உனக்குத் தலை சுத்துதுன்னா?"

"சுத்தத்தான் செய்யும். அதுக்குத்தானே உள்ள போறேன்."

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். உங்கள் கடிதம் அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தால் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

உள்ளே அவள் பேச்சுக் கேட்டுக்கொண்டே இருந்தது. விமானத்தில் ஜன்னல் ஓரம் தனக்குத்தான் என்றாள். அப்பா கப்பல் வரும் துறைமுகத்தில் போட்டி நடந்தால் எப்படி இருக்கும் என்றாள். பிறகு, "அக்கா, திறங்க" என்றாள். நான் கைப்பிடியில் கை வைத்தேன். உடனே சிரித்து, "பாத்தீங்களா, திறக்கப் போனீங்க!" என்றாள். நான் கையை எடுத்தேன். பிறகு ஏதோ கப்பல், கரண்டி என்று தொடர்பில்லாமல் சொன்னாள்.

பிறகு சத்தம் இல்லை.

அவள் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் என்று எழுதியிருந்தேனே. அந்த அமைதியில் எனக்கு வயிறு புரண்டது, உள்ளங்கை நனைந்தது. மாதக்கணக்கில் வராத பயம் ஒரே நொடியில் வந்தது. கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திறந்துவிட்டேன்.

தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தோல் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இழுத்து வெளியே போட்டு, சட்டையைக் கிழித்து, தரை துடைக்கிற வாளித் தண்ணீரை அப்படியே மேலே கொட்டினேன். கத்தினேன். ஆராய்ச்சி மேடம்தான் முதலில் ஓடி வந்தார். தன் ஐஸ் பெட்டியை அவள் கழுத்திலும் அக்குளிலும் கவிழ்த்தார். எங்கள் எச்சில் குழாய்கள் எல்லாம் தரையில் உருண்டன.

சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கோச் எங்களைக் கூட்டி வைத்து, "காய்ச்சல்னு சொல்லுங்க. விஷயம் வெளியே போனா முகாமையே மூடிடுவாங்க, உங்க எல்லாரோட உழைப்பும் போச்சு" என்றார். பேசும்போது அவர் தாடை ஆடியது. அவரும் பயந்துதான் போயிருக்கிறார்.

இன்னும் நான்கு நாளில் தேர்வு. எனக்கும் இரண்டு கிலோ இறங்க வேண்டும். ஐம்பத்து மூன்றில் இப்போது நான் ஒருத்திதான். எடை மட்டும் சரியாக வந்தால் போதும், சண்டையே இல்லாமல் தேர்வாகிவிடுவேன்.

காலையில் நாடி பார்த்தேன். முப்பத்தெட்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப் போய்விடுவேனோ என்று மட்டும் இல்லை. இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்த இரண்டு கிலோவை எப்படி இறக்கலாம் என்று என் மனசு ஒரு பக்கம் கணக்குப் போடுகிறது. அதை நினைத்தால்தான்.

க.

~

மார்ச் 29

கட்டெறும்பே,

உன் கடிதம் நான் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா போனில் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "பேரனும் வேண்டாம், பேத்தியும் வேண்டாம், அவளைக் கூட்டிட்டு வாடா" என்றாள். இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லாத வார்த்தை. அதனால் எழுதுகிறேன்.

உன் முகாம் வாசலுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காவலாளி விடவில்லை. வீராங்கனைகளைக் குடும்பத்தார் தேர்வு முடிகிற வரை பார்க்க அனுமதி இல்லையாம். கெஞ்சினேன், கத்தினேன், சட்டையைப் பிடித்தேன். அவர் பாவம், அவருக்கும் வேலை.

கம்பிக் கதவுக்கு உள்ளே பெண்கள் வரிசையாக ஓடினார்கள். எல்லோருக்கும் பிளாஸ்டிக் சட்டை, தலைக்கு மேல் முக்காடு. உன்னைத் தேடினேன். முதல் சுற்றில் நீ இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. உனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சுற்றில் கடைசியாக வந்த ஒரு வயதான பெண் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடினாள். அப்படி ஓடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். இரண்டு தடவை என் முன்னால் ஓடிப் போயிருக்கிறாய். நான் யாரோ என்று விட்டிருக்கிறேன்.

கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா?

துணி துவைக்கும் அக்கா வெளியே வரும்போது இதைக் கொடுக்கிறேன். உன்னை இழுத்துக்கொண்டு போக நான் வரவில்லை. இழுத்தால் நீ வருகிறவளும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தாய் இல்லையா? கடிகாரத்தைப் பார்க்காமல் திறந்தாய். உனக்கு யார் திறப்பார்கள்?

இன்று மாலை வண்டியில் திரும்ப வேண்டும், வேலையில் அதற்கு மேல் விடவில்லை. அந்த டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். எந்த நேரம் வந்தாலும் பார்ப்பாராம்.

உன் லிஃப்ட்டுக்காரன்

~

ஏப்ரல் 3

என்னங்க,

கேட்டது. திரும்பினால் நின்றுவிடுவேன் என்றுதான் திரும்பவில்லை.

தேர்வு நாள் காலையில் வரிசையில் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வுக் குழுவினர் மூன்று பேர் மேசைக்குப் பின்னால். என் முறை வந்தது. எடை அரை கிலோதான் கூட இருந்தது. "இன்னும் நேரம் இருக்கும்மா, வேர்த்துட்டு வந்து மறுபடி ஏறு" என்றார் அவர்களில் ஒருவர், நல்ல மனதோடுதான். கோச் பிளாஸ்டிக் சட்டையை நீட்டினார்.

கை நீட்டி வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், வாங்கினேன். நீராவி அறை வரைக்கும் நடந்தேன். தரையைக் கழுவியிருந்தார்கள். கதவுக்கு வெளியே கடிகாரத்தோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், நான் உட்கார்ந்த அதே இடத்தில். "அக்கா, நீங்க கெஞ்சினாலும் திறக்கக் கூடாதுன்னு கோச் சொல்லிட்டாரு" என்றாள்.

திரும்பி வந்து அந்த மேசை மேல் சட்டையை வைத்தேன்.

"நான் ஏறல சார். என் ரூம்ல இருந்த பொண்ணுக்குக் காய்ச்சல் இல்ல. அந்த அறையிலதான் விழுந்தா. கதவுக்கு வெளியே நான்தான் உட்கார்ந்திருந்தேன்."

 "மயக்கத்துல பேசுது, சாப்பிடல" என்றார் கோச். அப்போது ஆராய்ச்சி மேடம் எழுந்து நின்றார். எங்கள் எல்லோருடைய பரிசோதனை முடிவுகளையும் சொல்லி, "இந்த வரிசையில இன்னும் நாலு பேர் அதே கதியில இருக்காங்க" என்றார். பின்னால் நின்ற பெண் ஒருத்தி விசும்பினாள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வைத் தள்ளி வைத்துவிட்டார்கள். விசாரணை வருமாம். கோச் என்னைத் தாழ்வாரத்தில் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நானும் இப்படித்தான் எடை குறைச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலயே, ஒண்ணும் ஆகலயே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குக் குழந்தை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 

இப்போது சில்வண்டு இருக்கும் மருத்துவமனையில் இருந்து எழுதுகிறேன். எனக்கும் இங்கேதான் இதயத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். மெதுவாக அடிக்கிறது, ஆனால் ஒழுங்காக அடிக்கிறது என்றார்கள். ஆறு மாதம் மல்யுத்தம் கூடாது, மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். மாதவிலக்கு திரும்பி வருமா என்று கேட்டேன். "பெரும்பாலும் வரும்" என்றார் டாக்டர். பெரும்பாலும் என்ற வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் லிஃப்ட் டாக்டரிடம் போவோம்.

ஆனால் இப்போதைக்கு வர முடியாது. சில்வண்டின் அப்பா கப்பல் கரை தொட இன்னும் ஒரு வாரம் ஆகும். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டிலுக்கு அருகில் ஒரு நாற்காலி இருக்கிறது, சாப்பாடு கொடுக்கிறார்கள். முழுத் தட்டையும் பார்த்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன்.

இன்று காலையில் அவள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். இத்தனை நாளில் முதல் முறையாகக் கண்ணில் பார்வை வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உதடு அசைந்தது. அப்பாவைக் கேட்பாள் என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"அக்கா, எத்தனை கிலோ?"

நர்ஸ் காலையில்தான் அவளைக் கட்டிலோடு சேர்த்து எடை பார்த்துவிட்டுப் போயிருந்தார். என் கண் முன்னால்தான் எழுதினார்.

"தெரியலடி. இங்க யாரும் பாக்கல" என்றேன்.

என்னையே பார்த்தாள். நம்பவில்லை. பிறகு, போர்வைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, தன் மணிக்கட்டைச் சுற்றி விரலைக் கோத்து அளந்து பார்க்க ஆரம்பித்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் விடவில்லை. இந்தக் கடிதத்தை ஒற்றைக் கையால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கட்டெறும்பு